சர்க்கரையோடு குஷிங்ஸும் உள்ள நாய்: டிரைலோஸ்டேன் தொடங்கியபின் இன்சுலினை எப்படிக் குறைத்தீர்கள்?

வணக்கம். ஸ்பிட்ஸ், பெண், 11 வயது, 12 கிலோ. சர்க்கரை, குஷிங்ஸ் (உடலில் கார்ட்டிசோல் ஹார்மோன் மிகும் நோய்) இரண்டும் உண்டு. கணைய அழற்சியும் ஒருமுறை வந்துபோனது. 12 மணிக்கொரு தடவை, சாப்பிட்டதும் என்பிஎச் இன்சுலின் 18 யூனிட். கிலோவுக்கு 1.5 யூனிட் போட்டும் சர்க்கரை 350-க்குக் கீழே வரவில்லை. கார்ட்டிசோல் மிகுந்தால் இன்சுலின் எடுபடாது.

கார்ட்டிசோலைக் குறைக்கும் டிரைலோஸ்டேன் மருந்தைத் தொடங்க டாக்டர் சொல்லியிருக்கிறார். கார்ட்டிசோல் இறங்கியதும் இதே 18 யூனிட் அதிகமாகி, சர்க்கரை 60-க்குக் கீழே போய் வலிப்பு வரலாம். இரண்டையும் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்: முதல் நாளே இன்சுலினைக் குறைத்தீர்களா, எவ்வளவு? இரண்டு மணிக்கொரு முறை ரத்தம் எடுத்து நாள் முழுக்கப் பார்ப்பதை எத்தனை நாளுக்கொருமுறை செய்தீர்கள்? காது மடலா, உதட்டின் உட்புறமா, எது சுலபம்? வாந்தி எடுத்துச் சாப்பிடாத வேளையில் பாதி டோஸா, நிறுத்தமா?

அளவு சொல்பவர்கள் சிரிஞ்சையும் குறிப்பிடுங்கள். எங்களுடையது மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயல். அதை, மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில் 18 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 7 யூனிட்தான்.

கணையத்துக்காகக் கொழுப்பில்லாத சாப்பாட்டுக் குறிப்பும் வேண்டும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியோடு எதை, எவ்வளவு சேர்க்கிறீர்கள்? வெந்தயம், பாகற்காய் யோசனைகள் தயவுசெய்து வேண்டாம்.