புதுப்பிப்பு: போஸ்ட்டாக்குகளின் பயிற்சி வகுப்பு 50 நிமிடத்துக்குள் அடங்கவில்லை (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேட்டிருந்தது இதுதான்: பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் பிஎஸ்சி மாணவர்களுக்கு உயிரியல் போஸ்ட்டாக்குகள் (முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்பவர்கள்) எடுக்கும் வகுப்பு கருத்தரங்க உரை மாதிரியே ஓடுகிறது, நேரமும் போதவில்லை.

ஸ்லைடைக் குறைக்கச் சொன்ன யோசனை பெரிதாக உதவவில்லை. பலித்தது, தேர்வுக் கேள்வியை முதலில் எழுதி அதிலிருந்து பாடத்தைப் பின்னோக்கிக் கட்டச் சொன்னதும், ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் முறையில் நடுவே வாக்கெடுப்பு வைக்கச் சொன்னதும்தான்.

கேள்வி: 8 குரோமோசோம் உள்ள செல்லில் டிஎன்ஏ இரட்டித்து முடிந்ததும் எத்தனை குரோமோசோம்? பாதிப் பேர் 16 என்றார்கள். விடை 8, எண்ணுவது சென்ட்ரோமியரை (இரட்டித்த இரு பிரதிகளும் ஒட்டியிருக்கும் இடம்) வைத்து. 16 என்பது குரோமாட்டிட், அதாவது ஒவ்வொரு பிரதியையும் தனியாக எண்ணினால் வருவது. சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுவாக்கு. அதற்கும் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, பலகையில் வரைந்து திரும்பச் சொல்லித்தர வேண்டும். கிளிக்கர் (பொத்தான் அழுத்தி வாக்களிக்கும் கருவி) வேண்டாம், விடைக்கு ஒரு நிறமாக நாலு நிற அட்டை போதும். நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை பார்த்து மாற்றிக்கொள்ளும்.

எதிர்பாராதது: ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் மூச்சுப் பேச்சில்லை. தமிழோ மலையாளமோ எதுவானாலும் சரி என்றதும் தமிழ் அதிகம் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள்தான் முதலில் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு மொழியும் தெரியாத போஸ்ட்டாக் மறுவாக்கின் அட்டைகளைப் பார்த்தே நிலவரம் புரிந்துகொள்ளலாம்.