விடியும் முன் பேட்டரி இறங்கி ஆட்டோபைலட் நிற்கிறது: அட்லாண்டிக் கடக்கும் முன் உதவி தேவை

கேள்வி
வணக்கம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள். 40 அடி பாய்மரப் படகில் லாஸ் பால்மாஸிலிருந்து வந்து கேப் வெர்டேயின் மிண்டெலோவில் நிற்கிறோம். அடுத்தது பார்படோஸ், சுமார் 2,000 கடல் மைல். நடுவில் கரையே கிடையாது.

வரும் வழியில் தினமும் விடியற்காலையில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே போய் ஆட்டோபைலட் (தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி) நின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி நான்கு, பின்புறம் சோலார் பேனல் இரண்டு. பெரியவர்கள் இரண்டே பேர், இரவெல்லாம் கையால் சுக்கான் பிடிக்க முடியாது. ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில் 1
லித்தியம் பேட்டரிக்கு மாறிவிடுங்கள், தலைவலி தீர்ந்தது.

பதில் 2
கடல் கடக்கும் வாரத்தில் மின்சார அமைப்பையே மாற்றச் சொல்வது நல்ல யோசனை இல்லை. ஜெனரேட்டரும் வேண்டாம் அக்கா, முதலில் கணக்கைப் பாருங்கள். ஆட்டோபைலட் 5 ஆம்பியர், ஃபிரிட்ஜ் 4, கருவிகளும் விளக்கும் 2 என்று வைப்போம். டிசம்பரில் அங்கே இரவு 13 மணி நேரம். மொத்தம் 143 ஆம்பியர்-மணி. பேட்டரி கெடாமல் உங்கள் 400-இல் பாதியை எடுக்கலாம், அதாவது 200. தாங்கியிருக்க வேண்டும். ஆக, ஒன்று பேட்டரி மாலைக்குள் நிறைவதில்லை, இல்லை நான்கில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

கரை மின்சாரத்தில் முழுதாகச் சார்ஜ் செய்து, நான்கையும் தனித்தனியாகக் கழற்றி, ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

பதில் 3
மேற்கே போகும்போது மதியத்துக்குப் பிறகு சூரியன் படகுக்கு முன்னால் போய்விடும், பாயின் நிழல் பின்புற பேனல் மேல் விழும். பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரம் பார்த்து நிழல்! பேனல்கள் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைந்திருந்தால் பேரலலுக்கு (பக்கவாட்டாக) மாற்றினால் கொஞ்சம் தேறும்.

அப்புறம், பின்காற்றில் பெரிய பாயை முழுதாக விரித்தால் படகு ஓயாமல் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும், ஆட்டோபைலட் அதோடு மல்லுக்கட்டி மின்சாரத்தைத் தின்னும். பெரிய பாயைச் சுருக்கி, முன்பாயைக் கம்பு கொடுத்து விரியுங்கள். உருளல் கூடும், பிள்ளைகள் முதல் இரண்டு நாள் திட்டுவார்கள்.

கேட்டவர்
அளந்தோம். மூன்று 12.8 வோல்ட், ஒன்று மட்டும் 10.6! மூன்றை வைத்தே போகலாமா, புதிதாக ஒன்று சேர்க்கலாமா?

பதில் 2
அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. அந்தப் பேட்டரிதான் மற்ற மூன்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழையதோடு புதியதைக் கோர்க்காதீர்கள், மூன்றோடு போங்கள். 300-இல் பாதி 150, தேவை 143 என்றால் மிக நெருக்கம். ஃபிரிட்ஜைப் பகலில் நன்றாகக் குளிரவிட்டு இரவில் அணைத்தால் தேவை 91-க்கு வந்துவிடும். மேகமான நாளுக்கு அடுத்த காலையில் எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் வேகமாக வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைப் பேனல் நிரப்பும். மாலையில் ஓட்டினால் டீசல்தான் வீண்.

கழற்றிய பேட்டரியின் கேபிள் முனைகளை மறக்காமல் டேப் சுற்றி மூடிவிடுங்கள்.