காருக்குள் இருக்கும் சிம்மைப் பிடுங்கலாமா?

வேலந்தாவளத்தான்:
போன மாசம் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்கினேன். கம்பெனியே உள்ளே சிம் வைத்து விற்கிறார்களே, வண்டி எங்கே, எப்படி இருக்கிறது என்று ஓனர் போனில் உள்ள ஆப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்த வகை. பத்து நாள் நிம்மதியாக ஓட்டினேன். பதினோராவது நாள் நெல்லியாம்பதியில் நிற்கும்போது பழைய ஓனர் போன் பண்ணுகிறார், "தம்பி, வண்டி ஒரு மணி நேரமா ஆஃப் பண்ணாம நிக்குதே, பெட்ரோல் வீணாகுது பாருங்க" என்று. நல்ல மனுஷர்தான், ஆனால் எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. பேரை மாற்றக் கொடுத்தாச்சு, பணமும் கொடுத்தாச்சு, வண்டி மட்டும் இன்னும் அவர் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்த சிம் இருக்கும் யூனிட்டின் ஃப்யூஸைக் கழற்றிவிடலாம் என்றிருக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

கோபாலபுரம் டாக்ஸி:
இதுக்கா இவ்வளவு பயம்? 2019 ஜனவரி முதல் பதிவான டாக்ஸிக்கெல்லாம் ஏஐஎஸ் 140 என்ற அரசுத் தரப்படி ஜிபிஎஸ்ஸும் எமர்ஜென்சி பட்டனும் கட்டாயம். நாங்கள் அதோடுதானே பிழைக்கிறோம். எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தர் வண்டியைப் பொள்ளாச்சியில் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப் போனார்கள், ஜிபிஎஸ் இருந்ததால் விடியுமுன் கிடைத்தது. அப்புறம், கேரளாவுக்குள் ரோட்டில் விதி மீறுகிறவர்களைப் பிடிக்கும் 726 கேமரா உங்களைப் பார்க்கிறது, பாம்பாம்பள்ளம் டோலில் ஃபாஸ்டேக் பார்க்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு இதில் என்ன வந்தது?

வேலந்தாவளத்தான்:
அண்ணா, டோலுக்கு நான் அந்த வழியாகப் போனது மட்டும்தான் தெரியும். நான் எப்படி பிரேக் பிடித்தேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்பது காருக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைத்தான் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தரவுக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அது இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போய்ப் பிரீமியம் ஏறியவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் நிறுத்தினார்கள். நம்ம ஊரிலும் ஓட்டுகிற விதத்தைப் பார்த்துப் பிரீமியம் போடும் பாலிசிக்கு 2022-லேயே இன்சூரன்ஸைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்தாச்சு. இப்போதைக்கு நாம் விரும்பினால்தான், சரி. நாளைக்கு?

கோபாலபுரம் டாக்ஸி:
ஒழுங்காக ஓட்டினால் பிரீமியம் குறையுமே. அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

சித்தூர் அக்கா:
ஒளிக்க ஒன்றும் இல்லை என்று சொன்ன அண்ணனுக்கு. எங்கள் வண்டியின் ஆப் வீட்டுக்காரர் போனில் இருக்கிறது. ஓட்டுவது நான். கொழிஞ்சாம்பாறை சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் அம்மா வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், "அங்கே என்ன வேலை" என்று கேள்வி வரும். எனக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் பஸ்ஸில் போகிறேன். சொந்தக் கார் வாசலில் நிற்கிறது.

கோபாலபுரம் டாக்ஸி:
அது வீட்டுப் பிரச்சினைங்க அக்கா, வண்டியைக் குறை சொல்லாதீங்க.

சித்தூர் அக்கா:
வண்டிதானே போய்ச் சொல்கிறது?

வயரிங் கடை, கொழிஞ்சாம்பாறை:
சண்டையை நிறுத்துங்க. கையால் செய்கிறவன் சொல்கிறேன். சில மாடலில் அந்த யூனிட்டுக்குத் தனி ஃப்யூஸ் இருக்கும். சிலதில் ப்ளூடூத் மைக்கும் அதே லைனில் வரும், பிடுங்கினால் போன் பேச்சும் போச்சு. ஆபத்தில் அமுக்கும் எஸ்ஓஎஸ் பட்டன் எப்படியும் சாகும், மலைப் பாதையில் ஓட்டுகிறவர் அதை யோசிக்கணும். சில யூனிட்டுக்குள் சின்ன பேட்டரி வேறு உண்டு, ஃப்யூஸ் இல்லாமலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் இதையே சாக்காகச் சொல்வார்கள். டாக்ஸியில் கழற்றினால் எஃப்சி (தகுதிச் சான்று) கிடைக்காது, அந்தப் பேச்சே வேண்டாம். தம்பி, முதலில் செய்ய வேண்டியது வேறு. பழைய ஓனரே அவர் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கணும், இல்லையென்றால் உங்கள் ஆர்சியைக் காட்டிக் கம்பெனியை நீக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரீனில் ஃபேக்டரி ரீசெட்டும் போடுங்கள், அவர் போன் நம்பர் புத்தகமே அதில் கிடக்கும்.

வேலந்தாவளத்தான்:
ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைக்கே போனேன். பழைய ஓனர் நீக்கிக் கொடுத்துவிட்டார், "இனி எனக்குப் பொழுது போகாதே" என்று சிரிக்கிறார். ஆனால் கம்பெனி கம்ப்யூட்டரில் கிடப்பதை யார் நீக்குவது? தனிநபர் தரவுச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் வர 2025 நவம்பர் ஆச்சு. கஸ்டமர் கேரில் கேட்டால் 'டிக்கெட் போட்டிருக்கிறோம் சார்' என்பதோடு சரி. அதனால் ஃப்யூஸையும் கழற்றச் சொல்லிவிட்டேன். நகம் அளவு மஞ்சள் ஃப்யூஸ், இப்போது காயின் போடும் குழியில் கிடக்கிறது. அண்ணன் சொன்ன மாதிரியே மைக்கும் போச்சு.

கோபாலபுரம் டாக்ஸி:
மைக் போச்சென்று போனைக் காதில் வைத்துக்கொண்டு பாலக்காடு பக்கம் போயிடாதீங்க தம்பி. அந்தக் கேமராவுக்கு ஃப்யூஸ் உங்கள் கையில் இல்லை.