அடுத்த வருஷத்துக்கு ஜெர்மன், ஜப்பானீஸ், பிரெஞ்சு: மூணுக்கும் சேர்த்து எப்படி இலக்கு வைக்கிறது?

கொழிஞ்சாம்பாறை மேற்கு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், எல்லை ஓரம். தமிழ், மலையாளம் ரெண்டும் பேச, படிக்க வரும். ஆங்கிலமும் வரும். ஜெர்மன் ஏ1 சான்றிதழ் கையில் இருக்கிறது (ஏ1 முதல் படி, அடுத்து ஏ2, பி1). ஜப்பானீஸில் ஹிரகானா, கதகானா என்ற ரெண்டு கானா எழுத்து வரிசையும், கூடவே சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்தில் 60 வரையும் தெரியும். பிரெஞ்சு இனிமேல்தான்.

அடுத்த வருஷ முடிவுக்குள் ஜெர்மன் பி1, ஜப்பானீஸ் என்4 (தொடக்கத் தேர்வான என்5-க்கு அடுத்த படி), பிரெஞ்சு ஏ2 என்று எழுதி வைத்திருக்கிறேன். வார நாளில் வேலந்தாவளம் வழியாக கோவைக்குப் பஸ். போக ஒரு மணி, வர ஒரு மணி. ராத்திரி ஒரு மணி நேரம் உட்காரலாம். ஞாயிறு மூணு மணி நேரம் கிடைக்கும். இது நடக்குமா? நடக்காது என்றால் எதை, எவ்வளவு குறைப்பது? தோராயமாகச் சொல்லாமல் கணக்காகச் சொன்னால் உபகாரம்.

சிற்றூர்ப்புழை (பதில்)

கணக்காகவே பார்ப்போம். முதலில் கையில் இருக்கிற மணி நேரம்.

பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் இருந்தாலும் அதை ஒன்று என்று வையுங்கள். நின்றுகொண்டு போகிற நாள், காதுக்குள் ஹாரன், தூக்கம் எல்லாம் அதில் போய்விடும். ராத்திரி ஒன்று. ஆக வார நாளுக்கு 2, ஐந்து நாளில் 10, ஞாயிறு 3. வாரத்துக்கு 13 மணி. வருஷத்தில் 52 வாரம் இருந்தாலும் ஓணம், பொங்கல், தேர், கல்யாண வீடு, காய்ச்சல் என்று 8 வாரத்தை இப்போதே கழித்துவிடுங்கள். 44 x 13 = 572 மணி. இதற்கு மேல் ஒரு மணி கூட எழுதக் கூடாது. பாதிப் பேருக்கு இலக்கு உடைவது இந்த 8 வாரத்தைக் கழிக்காததால்தான்.

இனி செலவு. ஜெர்மன் தேர்வு நடத்துகிற கோதே நிறுவனம் சொல்கிற அளவு 45 நிமிடப் பாடவேளையில்: ஏ1-க்கு 80 முதல் 200, ஏ2 வரைக்கும் 200 முதல் 350, பி1 வரைக்கும் 350 முதல் 650. ஏ1 முடித்தவருக்கு மீதி 270 முதல் 450 பாடவேளை, அதாவது சுமார் 200 முதல் 340 மணி. இது வகுப்பு நேரம் மட்டும், வீட்டுப்பாடம் தனி. எனவே ஜெர்மனுக்கு 310-க்குக் குறைத்து வைப்பது ஆபத்து.

ஜப்பானீஸுக்கு இப்போது அதிகாரப்பூர்வ மணிக் கணக்கு இல்லை. 2010-க்கு முந்தைய பழைய தேர்வில் மூன்றாம் நிலைக்கு 300 மணி, 300 காஞ்சி, 1500 சொல் என்று போட்டிருந்தார்கள். இன்றைய என்4 கிட்டத்தட்ட அதுதான். பிரெஞ்சு ஏ2 சுழியிலிருந்து என்றால், ஜெர்மன் அளவையே வைத்துப் பார்த்தாலும் குறைந்தது 150 மணி.

310 + 300 + 150 = 760. கையில் 572. ஆக மூணும் நடக்காது. ஆளுக்குக் கொஞ்சம் என்று மூணிலும் குறைத்தால் மூணும் தேர்வுக்கு முன்னால் பாதியில் நிற்கும். பிரெஞ்சை முழுசாக அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். என் உறுதியான கருத்து இது: ஒரு நேரத்தில் ஒரு மொழி மட்டும் ஏறட்டும், இன்னொன்று இருக்கிற இடத்தில் நிற்கட்டும், மூன்றாவது வெளியே காத்திருக்கட்டும்.

ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உருப்படியாக 30 வாரம், 390 மணி. அதில் ஜெர்மனுக்கு 80 சதவீதம், 312. ஜப்பானீஸுக்கு 78. செப்டம்பர் தொடக்கத்தில் பி1 எழுதிவிட்டு, டிசம்பர் முதல் ஞாயிறு வரை 12 வாரம், 156 மணி, இப்போது மாற்றிப்போட்டு ஜப்பானீஸுக்கு 125. மொத்தம் ஜப்பானீஸுக்கு 203 வருகிறது. கானாவும் 60 காஞ்சியும் ஏற்கெனவே கையில் இருப்பதால் இழுத்துப் பிடித்தால் என்4 எட்டும். எட்டுவது சந்தேகம் என்று ஜூலையிலேயே தெரிந்துவிட்டால் என்5-க்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் பல மாதம் முன்பே மூடிவிடும், அதைக் காலண்டரில் தனியாகக் குறிக்க வேண்டும்.

நிறுத்தி வைத்திருக்கிற மொழிக்கு வாரம் இரண்டரை மணி என்பது தினம் 25 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள். இதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்யக் கூடாது. ஆறு நாள் இடைவெளியில் காது மூடிக்கொள்ளும்.

மீனாட்சிபுரம் டவுன் பஸ் (பதில்)

மேலே சொன்ன கணக்கு சரி. ஜப்பானீஸ் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழ்க்காரருக்கு அதில் இருக்கிற லாபத்தை யாரும் இலக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி ஜப்பானீஸுக்கு 2200 வகுப்பு மணி என்று போடுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இங்கிலீஷ் தாய்மொழிக்காரருக்கு. நமக்கு வாக்கியம் அப்படியே வினையில் முடிகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. அதைவிட முக்கியம் துணைவினை. இதைப் பாருங்கள்:

தபெதெ மிரு: சாப்பிட்டுப் பார்.
கத்தெ ஒகு: வாங்கி வை.
தபெதெ ஷிமத்தா: சாப்பிட்டுவிட்டேன்.
இத்தெ குரு: போய் வருகிறேன்.

பார், வை, விடு, வா: நாம் துணைக்குப் போடுகிற அதே வேலையை அங்கேயும் துணைவினைதான் செய்கிறது. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவருக்கு இது நாலு தனிப் பாடம். நமக்கு ஒரு ராத்திரி. அதனால் என்4 இலக்கணத்தைத் தமிழில் விளக்கம் எழுதிப் படியுங்கள், இங்கிலீஷ் விளக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள்.

மலையாளம் தெரிந்தவருக்கு இன்னொரு லாபம். கொடுப்பதற்கு ஜப்பானீஸில் ரெண்டு வினை: எனக்கு அல்லது என் பக்கத்து ஆளுக்கு யாராவது கொடுத்தால் ‘குரெரு’, மற்றவருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. மலையாளத்தில் ‘எனிக்கு தந்நு’, ‘அவனு கொடுத்து’ என்று பிரிக்கிறோமே, அந்தப் பழக்கம்தான். ஒரே ஒரு இடத்தில் சறுக்கும். ‘ஞான் நினக்கு தராம்’ என்று மலையாளத்தில் முன்னிலைக்கும் ‘தரு’ வரும். ஜப்பானீஸில் நான் உனக்குக் கொடுப்பது ‘அகெரு’ தான்.

நஷ்டம் உச்சரிப்பில். தமிழில் உயிருக்கு நடுவில் வரும் ஒற்றை வல்லினம் தானாக மெலிந்துவிடும். அங்கே சீமைப்பனிச்சைப் பழத்துக்கு வல்லோசைக் ககரம், சாவிக்கு மெல்லோசைக் ககரம். தமிழில் எழுதினால் ரெண்டுமே ‘ககி’. அதனால் சொல்லைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். மேலே நான் எழுதியது விளக்கத்துக்காக மட்டும். குறில் நெடில், ஒற்று இரட்டிப்பது ரெண்டும் நம் காதுக்கு ஏற்கெனவே பழக்கம்: ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. வேறு மொழிக்காரர் திணறுகிற இடம் இது.

இலக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்குத் தேர்வின் அமைப்பே வழி காட்டும். என்4-இல் மொத்தம் 180, தேற 90. ஆனால் சொல்-இலக்கணம்-வாசிப்பு 120-க்கு 38, கேட்டல் 60-க்கு 19 கட்டாயம். வாசிப்பில் அள்ளிக்கொண்டு கேட்டலில் 18 எடுத்தால் தோல்வி. பேச்சு, எழுத்து ரெண்டும் தேர்வில் கிடையாது. எனவே இந்த வருஷத்துக்கு மட்டும் காஞ்சியைக் கையால் எழுதிப் பழகும் நேரத்தை வெட்டி, அதைக் கேட்டலுக்குக் கொடுங்கள். தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு. சென்னையில் மையம் இருக்கிறது, ரயில் டிக்கெட்டையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மேற்கு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றிங்க. பிரெஞ்சைத் தள்ளிவிட்டேன். ரெண்டு சந்தேகம். அதற்கு அடுத்த வருஷம் பிரெஞ்சையும் ஸ்பானிஷையும் சேர்த்தே தொடங்கினால் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்குமா? ஜெர்மனில் 312 மணியை எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது?

கஞ்சிக்கோடு (பதில்)

ரெண்டையும் தொடக்க நிலையில் சேர்க்காதீர்கள். நமக்கே தெரிந்த விஷயம்: தமிழில் ‘வெள்ளம்’ வந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும், மலையாளத்தில் வெள்ளம் கேட்டால் டம்ளரில் தருவார்கள். ரெண்டு மொழியும் சின்ன வயதிலிருந்தே வேரூன்றியதால் நமக்குக் குழப்பம் இல்லை. புதிதாகத் தொடங்கும் இரண்டு உறவு மொழிக்கு அந்த வேர் இருக்காது. ‘சலிர்’ என்று எழுத்து மாறாமல் ஒரே சொல்: ஸ்பானிஷில் வெளியே போவது, பிரெஞ்சில் அழுக்காக்குவது. காதால் கேட்பது என்பதற்கு பிரெஞ்சில் உள்ள வினையின் ஸ்பானிஷ் உறவுக்காரன் ‘புரிவது’ என்று நிற்கும். ஒன்று பி1 தாண்டி உறுதியான பிறகு இன்னொன்றைத் தொடங்கினால்தான் ஒத்தாசை. ஜெர்மனும் ஜப்பானீஸும் அந்த வகையில் நல்ல ஜோடி, சொல் எதுவும் முட்டாது.

ஜெர்மன் பி1-க்கு வருகிறேன். நாலு பகுதி: வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 60, பேச்சு சுமார் 15. ஒவ்வொன்றும் 100, தேற 60. கோதே பி1-இல் நாலையும் தனித்தனியாக எழுதலாம். எனவே ‘பி1 பாஸ்’ என்று ஒரே வரி எழுதாமல் நாலு வரியாக எழுதுங்கள். செப்டம்பரில் எழுத்து மட்டும் போனால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், ஜப்பானீஸ் மாதங்கள் தப்பிக்கும்.

முதல் 170 மணி பாடப்புத்தகம், ஏ2 முடிய. அடுத்த 90 மணி பி1 பாடம். கடைசி 52 மணி முழுக்க மாதிரித்தாள், அதில் பாதி எழுத்துக்கு. எழுத்தில் மூன்று வேலை: நண்பருக்கு மின்னஞ்சல் சுமார் 80 சொல், கருத்து சொல்வது சுமார் 80 சொல், மரியாதையான சின்னக் கடிதம் சுமார் 40 சொல். வாரம் மூன்றையும் கடிகாரம் வைத்து ஒரு தடவை எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் திருத்தி வாங்க வேண்டும். திருத்தாமல் எழுதியதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பேச்சுக்கு இன்னொரு ஆள் கட்டாயம், அதில் ஒரு வேலையே ரெண்டு பேர் சேர்ந்து திட்டம் போடுவது. கோவையிலும் திருவனந்தபுரத்திலும் கோதே சென்ட்ரம் இருக்கிறது, அங்கே படிக்கிறவர்களில் ஜோடி தேடலாம்.

தமிழ்க்காரர் தப்பு செய்கிற இடம் பக்க வாக்கியம் இல்லை. ‘வைல்’ (ஏனென்றால்) போட்டால் வினை கடைசிக்குப் போகும், அது நம் ஊர் வழக்கம். தப்பு முதன்மை வாக்கியத்தில்: ‘இன்றைக்கு’ என்று தொடங்கிவிட்டு உடனே ‘நான்’ போடுகிறோம். ‘ஹொய்ட்டெ’ முதலில் வந்தால் அடுத்தது வினை, அதற்குப் பிறகுதான் ‘இஹ்’. வேற்றுமையில் பல இடம் நமக்குச் சாதகம்: அவனுக்கு உதவி, அவருக்கு நன்றி, எனக்குப் பிடிக்கிறது, மூன்றுக்கும் ஜெர்மனிலும் நான்காம் வேற்றுமைக்கு ஒத்த டாட்டிவ்தான். ஆனால் ‘அவனுக்கு போன் பண்ணு’ என்று நினைத்து ‘ஆன்ரூஃபென்’ வினைக்கு டாட்டிவ் போட்டால் தப்பு, அங்கே ‘அவனை’. இப்படி முட்டுகிற வினைகளை மட்டும் ஒரு பக்கத்தில் சேருங்கள். பெயரின் பாலைக் காட்டுகிற டேர், டீ, டாஸ் இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லையும் மனப்பாடச் சீட்டில் எழுத வேண்டாம், பன்மையும் அதே சீட்டில்.

சிற்றூர்ப்புழை

சீட்டு என்றதும் ஒன்று. சீட்டுகளை மறுபடி மறுபடி காட்டிப் பழக்குகிற ‘அங்கி’ செயலியில் ஒரு சீட்டுக்கட்டுக்குத் தினம் 20 புதுச் சீட்டு என்று தானாகவே இருக்கும். ரெண்டு மொழிக்கும் அப்படியே விட்டால் சில வாரத்தில் தினம் 300-400 மறுபார்வை வந்து நிற்கும், புதுச் சீட்டின் எண்ணிக்கையைப் போல ஏழு முதல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். ஏறுகிற மொழிக்கு 10, நிற்கிற மொழிக்கு 3 போதும். பஸ்ஸில் மறுபார்வையும் முன்பே படித்த பாடத்தின் ஒலியும் மட்டும். புதுப் பாடத்தைப் பஸ்ஸில் கேட்டால் ஒட்டாது.

கொழிஞ்சாம்பாறை மேற்கு

நவம்பரில் கல்பாத்தித் தேர் வரும். டிசம்பர் தேர்வுக்கு மூணு வாரம்தான் இருக்கும். வீட்டில் ஆள் நிறைந்திருக்கும், அந்த நாலைந்து நாள் உட்கார முடியாது. அதற்கு என்ன செய்வது?

சிற்றூர்ப்புழை

தேருக்கு ஒரு வாரம் முன்பே புதுச் சீட்டைப் பூஜ்யம் ஆக்குங்கள், அதற்குள் மறுபார்வை தானாக இறங்கியிருக்கும். தேர் நாட்களில் காலையில் 15 நிமிடம் மறுபார்வை மட்டும், மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். தேர் முடிந்த ஞாயிறு என்4 மாதிரித்தாள் ஒன்று முழுசாக: சொல்லுக்கு 25, இலக்கணம்-வாசிப்புக்கு 55, கேட்டலுக்கு 35 நிமிடம். கேட்டலில் பாதிக்குக் கீழே வந்தால் மீதி நாளில் புதுச் சொல் எதுவும் வேண்டாம், பஸ் நேரம் உட்பட எல்லாம் கேட்டலுக்கே.

கொழிஞ்சாம்பாறை மேற்கு

சரிங்க. 30 வாரக் கட்டத்தை இன்றைக்கே போட்டுவிட்டு, நாலு பகுதியையும் தனி வரியாக இங்கே ஏற்றுகிறேன். திருத்திச் சொல்லுங்கள்.