லோயஸ் மண்ணில் சுரங்கம் தோண்டியவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுரங்கத்தான்:
சீனாவில் சியான் நகருக்கு வடக்கே ஒரு சுரங்கப்பாதை வேலையில் இரண்டு வருடம் மண் பார்க்கும் ஆளாக இருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். லோயஸ் என்பது காற்று அள்ளிவந்து கொட்டிய மஞ்சள் வண்டல். விரலில் கோதுமை மாவு மாதிரி ஒட்டும். நகத்தால் கீறினாலே உதிரும். ஆனால் செங்குத்தாக வெட்டிவிட்டால் சுவர் மாதிரி நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் யாவ்தோங் என்று மண்ணைக் குடைந்து வீடு கட்டிக்கொள்வது அந்தத் தைரியத்தில்தான்.

முதல் மாதம் நானும் அதை நம்பினேன். முகப்பில், அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் முனையில், ஒரு பொடி உதிரவில்லை. ஒருநாள் காலை ஷிப்டில் பார்த்தால், மேல் வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தது. ஒரு பிடி எடுத்து உருட்டினேன். முந்தின நாள்வரை நொறுங்கிய மண் அன்று திரி மாதிரி நீண்டது. அடுப்பில் காயவைத்துப் பார்த்ததில் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 21க்குப் போயிருந்தது. உடனே முகப்பை ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்து மூடிவிட்டு மேலே ஏறினோம். எங்களுக்கு நேர் மேலே ஆப்பிள் தோட்டம். வாய்க்கால் உடைந்து, தண்ணீர் ஒரு பொந்துக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அந்த இடத்தில் ஷாட்கிரீட்டோடு ஒரு வண்டி மண் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

அதற்கப்புறம் முகப்பைப் பார்க்கும் நேரத்தில் பாதியை மேலே நடப்பதற்கு ஒதுக்கினேன். புதுக் குழி, வெடிப்பு, எலிப் பொந்து, எல்லாம் நோட்டில் ஏறும்.

லேப்காரன்:
அண்ணா, உங்கள் ஈரக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. உயர வளையத்தில் மண்ணை வைத்து 200 கிலோபாஸ்கல் பாரம் ஏற்றுவோம். டயல் முள் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். அப்புறம் தண்ணீர் விடுவோம். நான் முதல் தடவை பார்த்தபோது முள் சட்டென்று ஓடியது, கிட்டத்தட்ட 1 மி.மீ. அதை 20ஆல் வகுத்தால் 0.05. சீன விதிப்படி 0.015ஐத் தொட்டாலே நனைந்தால் அமுங்கும் மண். 0.07ஐத் தாண்டினால் ரொம்ப மோசம்.

ஆனால் மாதிரி எடுப்பதில்தான் கோட்டைவிடுவார்கள். குழாயை அடித்து இறக்கினால் மண்ணுக்குள் இருக்கும் துளைகள் அங்கேயே நசுங்கிவிடும். சோதனையில் மண் நல்ல பிள்ளையாகத் தெரியும். கையால் கட்டியாக வெட்டி, மெழுகு பூசி அனுப்பச் சொல்லுங்கள்.

நாடோடி:
நான் எஞ்சினியர் இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை விக்ஸ்பர்க் போயிருந்தேன். அங்கேயும் இதே மண். 1863இல் உள்நாட்டுப் போர் முற்றுகையின்போது குண்டுக்குப் பயந்து ஊர் ஜனங்கள் மேட்டைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். வடக்குப் படை ஒரு கோட்டை அரணுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஜூன் 25 அன்று 2,200 பவுண்டு வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. அத்தனை தோண்டியும் பெரிதாக முட்டுக் கொடுக்கத் தேவைப்படவில்லையாம். இன்றைக்கும் சாலையோர வெட்டுகள் செங்குத்தாகத்தான் நிற்கின்றன. சரிவாக வெட்டினால் மழையில் கரைந்துவிடுமாம். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

சுரங்கத்தான்:
விசித்திரம் இல்லை நாடோடி. செங்குத்துச் சுவரில் மழை நிற்க இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த உறுதியை ரொம்ப நம்பாதீர்கள். 1556இல் சியான் இருக்கும் இதே ஷான்ஷி மாகாணத்தில் நிலநடுக்கம் வந்து 8,30,000 பேர் இறந்ததாகச் சீன வரலாறு சொல்கிறது. யாவ்தோங் வீடுகளோடு புதைந்தவர்கள் ஏராளம்.

லேப்காரன், கட்டியாக வெட்டுவது பற்றி நீ சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்று விட்டுப்போனது. அதிக ஆழமில்லாமல் போகும் லோயஸ் சுரங்கத்தில் பக்கச் சுவர் நெருங்குவதைவிடக் கூரை இறங்குவதுதான் அதிகம். கூரையைத் தாங்கும் ஸ்டீல் வளைவின் கால் மண்ணுக்குள் புதைந்து, மொத்த வளைவும் அப்படியே கீழே போகும். அதனால் நாங்கள் கூரையில் போல்ட் (மண்ணுக்குள் இறக்கும் இரும்புக் கம்பி) அடிப்பதைக் குறைத்து, வளைவின் காலடியில் சாய்வாகக் குழாய் இறக்கி கிரவுட் (சிமென்ட் குழம்பு) அடித்தோம். துளை போடும்போது தண்ணீர் விடக்கூடாது, காற்றுதான். புதிதாக வந்த டிரில்லர் ஒருவர் பழக்க தோஷத்தில் தண்ணீர்க் குழாயை மாட்டப் போனார். போர்மேன் கத்திய கத்தில் மொழி தெரியாத எனக்கே விஷயம் புரிந்துவிட்டது.