தாத்தாவின் சாகாவுக்கு ஒரு நட்சத்திரம்

வாட்ஸ்அப் குழு: தாத்தாவுக்கு 80

திங்கள்

குமரன், இரவு 8.05: அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் தாத்தா இல்லை. தயவுசெய்து யாரும் அவரைச் சேர்த்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பிறந்தநாள். கோவிலுக்குத் தம் பழைய புரோட்டான் சாகா காரில்தான் போவேன் என்கிறார். ஆனால் புதுச் சாயம் அடிக்கக் கொடுத்த பட்டறையில் முன்பக்கச் சின்னத்தைக் கழற்றித் தொலைத்துவிட்டார்கள். தினமும் காலையில் காரைத் துடைக்கிறார். சின்னம் இருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை.

செல்வி அத்தை, 8.11: ஐயோ, அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கடையில் புதிதாக வாங்கிவிடலாமா குமரா?

குமரன், 8.14: ஈப்போவில் நான்கு உதிரிபாகக் கடைகளில் கேட்டுவிட்டேன் அத்தை. பிறையும் நட்சத்திரமும் உள்ள அந்தப் பழைய சின்னம் யாரிடமும் இல்லை. 2000ஆம் ஆண்டு புலித்தலைச் சின்னம் வந்த பிறகு பழையதைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இணையத்தில் ஒருவர் வைத்திருக்கிறார், ஆனால் அவர் சொல்லும் விலைக்கு இரண்டு டயர் வாங்கலாம். அதனால் வீட்டிலேயே செய்யப்போகிறேன். கையில் 30 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன்.

முருகேசன் சித்தப்பா, 8.20: செய், தம்பி. அது வெறும் கார் இல்லை. 1985இல் சாகா வந்தபோது பினாங்குப் பாலமும் அதே ஆண்டுதான் திறந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் அதே பேச்சு. இரண்டு வருடம் கழித்து அப்பா வாங்கி வந்தார். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த நம் லயத்துக்கே முதல் கார். உன் அத்தைக்குப் பிரசவ வலி எடுத்த இரவில் செம்மண் சாலையில் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தினேஷ், 8.26: மச்சான், அந்த ஆஸ்பத்திரிப் பயணத்தில் பிறந்தவன் நான்தான். என்னிடம் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. படம் அனுப்பினால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன்.

முருகேசன் சித்தப்பா, 8.30: எந்தப் பிளாஸ்டிக், தினேஷ்?

தினேஷ், 8.31: பி.எல்.ஏ., மாமா. இப்போது அதுதான் கையில் இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா, 8.36: அது வேண்டாம். 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மதிய வெயிலில் நிற்கும் காரின் தகட்டில் கை வைத்துப் பார். ஒரு மாதத்தில் நட்சத்திரத்தின் முனைகள் தொங்கிவிடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் 100 டிகிரி வரை தாங்கும், ஆனால் வெயில் பட்டுப் பட்டு நொறுங்கும். உலோகத்தில் செய்தால் நிற்கும்.

புதன்

குமரன், மாலை 6.40: அளவு எடுப்பதில் மாட்டிக்கொண்டேன். பெரியம்மா கல்யாணப் படத்தில் கார் முன்பக்கமாக நிற்கிறது. அந்த நம்பர் பலகை இன்றும் காரில் இருக்கிறது. அதன் நீளத்தைப் படத்திலும் காரிலும் அளந்து விகிதம் பார்த்தேன். சின்னத்தின் அகலம் கிடைத்தது. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் குறுகித் தெரிகிறது. படம் எடுத்தவர் சற்று ஓரமாக நின்றிருக்கிறார்.

செல்வி அத்தை, 6.52: கோலகங்சார் சாலையில் பழைய ஆசிரியர் வீட்டில் இதே கார் நிற்கிறதே! நீலநிறம். கேட்டால் கொடுப்பார், நல்ல மனிதர்.

குமரன், இரவு 9.15: போய் வந்தேன் அத்தை. அவரே விளக்குப் பிடித்தார். சின்னத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தேன். பிறையும் நட்சத்திரமும் காகிதத்தில் அப்படியே எழும்பி வந்தன. மழைக்கோடு மாதிரி ஓர் இடத்தில் பென்சில் வழுக்கிவிட்டது, மற்றபடி துல்லியம். ஆனால் நட்சத்திரத்துக்கு 14 முனைகள். 360ஐ 14ஆல் வகுத்தால் 25.7 டிகிரி. கோணமானி வைத்துக் கையால் குறித்தால் கடைசி முனை எப்போதும் கோணலாகிவிடுகிறது.

பவானி அக்கா, 9.24: தம்பி, ஒவ்வொரு ஆகஸ்டிலும் என் வகுப்புப் பிள்ளைகள் மலேசியத் தேசியக் கொடி வரையும்போது இதே நட்சத்திரத்தில்தான் தடுமாறுவார்கள். கொடியிலும் 14 முனைகள்தானே, 13 மாநிலங்களும் மத்திய அரசும். நான் அவர்களுக்குச் சொல்லித் தரும் வழி இது. 14 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காகித நாடா வெட்டு. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு போடு. இரண்டு நுனிகளையும் சேர்த்து வளையமாக ஒட்டு. அந்த வளையம் இறுக்கமாக உட்காரும் மூடியைத் தேடு. ஏறக்குறைய 4.45 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடி சரியாக இருக்கும். கோடுகளைக் கீழே உள்ள காகிதத்தில் புள்ளியாக இறக்கு. அதுதான் 14 முனைகள். அரை சென்டிமீட்டர் இடங்கள் முனைகளுக்கு நடுவே வரும் பள்ளங்கள். எல்லாப் புள்ளியிலிருந்தும் மையத்துக்குக் கோடு இழுத்தால் வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

குமரன், 9.50: அக்கா, பாட்டியின் தைல டப்பா மூடி கச்சிதமாகப் பொருந்தியது. முதல் முறையிலேயே 14ஆவது முனை சரியாக வந்து சேர்ந்தது. படம் அனுப்புகிறேன்.

வெள்ளி

குமரன், இரவு 8.30: ஒரு தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். சட்டென்று ஆகட்டும் என்று 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் வெட்டி, வெள்ளி மினுக்குச் சாயம் அடித்தேன். காய்ந்ததும் கண்ணாடிபோல மின்னியது. பாதுகாப்புக்காக மேலே தெளிபூச்சு அடித்தேன், உடனே சாம்பல் நிறமாக மங்கிவிட்டது. பூசாமல் விட்டால் விரல் பட்ட இடமெல்லாம் அழிகிறது.

முருகேசன் சித்தப்பா, 8.41: மினுக்குச் சாயத்தின் குணமே அதுதான். அலுமினியம் தேடு. நிஜ உலோகத்தைத் தேய்த்தால் வரும் பளபளப்புக்கு எந்தப் பூச்சும் ஈடாகாது.

செல்வி அத்தை, 9.02: அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ப் பின்கட்டிலிருந்து தன் பழைய தூக்குச்சட்டியை எடுத்து வந்துவிட்டார். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போகும்போது சோறு கொண்டுபோன அதே சட்டிதான். அடி ஓட்டையாகிவிட்டது, மூடி நன்றாக இருக்கிறது. "இது அலுமினியம்தானே, பிள்ளையிடம் கொடு" என்கிறார்.

குமரன், 9.06: பாட்டி, வேண்டாம். அதை வெட்ட எனக்குக் கை வராது.

செல்வி அத்தை, 9.13: அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ஓட்டைச் சட்டிக்கு மூடி எதற்கு? சாகா என்பது என்ன என்று உனக்குத் தெரியுமா? சாகா மரத்து விதைதான் அது, நாம் சொல்லும் ஆனைக்குன்றிமணி. லயத்து வாசலில் அதை வைத்துத்தான் உன் அத்தையும் நானும் பல்லாங்குழி ஆடினோம். கார் வந்த அன்று உன் தாத்தாவின் சட்டைப்பையில் நான்கு விதைகள் போட்டு அனுப்பினேன். வெட்டு."

பவானி அக்கா, 9.15: பாட்டி ❤️

ஞாயிறு

குமரன், மாலை 5.20: வெட்டிவிட்டேன். நகை செய்யும் ஆசாரி ஒருவர் தம் கம்பி ரம்பத்தை ஒரு நாள் இரவல் கொடுத்தார், அலகு மட்டும் நான் வாங்கினேன். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் ரம்பப் பல்லில் அப்பிக்கொள்கிறது. பல்லுக்கு மெழுகுவத்தி தேய்க்கச் சொன்னார், அதற்குப் பிறகு வெண்ணெயில் போவதுபோல் போனது. வெளிக்கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி வெட்டி, மீதியை முக்கோண அரத்தால் ராவினேன். 14 பள்ளங்களுக்கும் அரத்தின் ஒரே விளிம்பைப் பயன்படுத்தியதால் எல்லாம் ஒரே கோணத்தில் விழுந்திருக்கின்றன. பிறகு தண்ணீர் தொட்டு 400, 800, 1500, 2000 என்று உப்புத்தாள். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேய்த்தேன். பழைய கீறல் மறைந்துவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும். கடைசியாகப் பூசை விளக்குக்குப் போடும் பிராஸோ. மூடியின் உட்பக்கத்தில் புளிப்பு அரித்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பின்னால் வைத்துவிட்டேன்.

தினேஷ், 5.34: மச்சான், படத்தில் உங்கள் முகம் தெரிகிறது அதில்!

முருகேசன் சித்தப்பா, 5.40: அருமை. தகடு மெல்லியது, தனியாக ஒட்டினால் வளையும். கறுப்பு அக்ரிலிக் தகட்டின்மேல் பதித்துவிடு. சூப்பர் பசை வேண்டாம், அதன் ஆவி பட்டால் சுற்றிலும் வெள்ளை பூக்கும், வெயிலில் விறைத்து விட்டுப்போகும். இருபக்கமும் ஒட்டும் நுரை நாடாதான் நல்லது, இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடாமலும் காக்கும். ஒட்டுமுன் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடை. முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், மறந்துவிடாதே.

தினேஷ், 5.52: என் நண்பன் ஒருவன் தன் மாமா காருக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்கிறான், காசு கொடுப்பானாம்.

முருகேசன் சித்தப்பா, 5.58: அவனுக்கு வரைபடத்தைக் கொடு, அவனே செய்துகொள்ளட்டும். நம் காருக்கு நாம் செய்வது வேறு, நிறுவனத்தின் சின்னத்தைச் செய்து விற்பது வேறு. அதில் இறங்க வேண்டாம்.

புதன்

குமரன், இரவு 10.45: தாத்தா தூங்கிய பிறகு ஒட்டிவிட்டேன். முதலில் காகித நாடாவால் நேர்கோடு குறித்து, இரண்டு பக்கமும் ஒரே தூரமா என்று மூன்று முறை அளந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் 72 மணி நேரம் தாண்டிவிடும். மொத்தச் செலவு 23 வெள்ளி.

வியாழன்

செல்வி அத்தை, காலை 7.10: அப்பா துணியோடு வெளியே வந்தார். பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஆள்காட்டி விரலால் முனைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். 14 வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு உள்ளே வந்து அம்மாவிடம், "உன் சட்டி மூடி எங்கே?" என்று கேட்டார்.

பவானி அக்கா, 7.12: எப்படிக் கண்டுபிடித்தார்?

செல்வி அத்தை, 7.15: ஓட்டைச் சட்டி அடுப்படியில் மூடி இல்லாமல் இருந்ததாம். இப்போது பிராஸோ டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

குமரன், 7.16: அத்தை, உடனே தடுங்கள்! ஞாயிறு வரை அழுத்தித் துடைக்கக் கூடாது, நாடா இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. மெழுகு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

செல்வி அத்தை, 7.24: சொல்லிவிட்டேன். ஞாயிறு வரை கை வைக்க மாட்டாராம். நாற்காலியைக் காருக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா தேநீரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.