பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது எந்த ஆண்டு?

வினாத்தாள்காரன்:
எங்கள் அலுவலகத்தில் அவ்வப்போது வினாடி வினா நடத்துவது என் பொறுப்பு. போன தடவை மேலே உள்ள கேள்வியைக் கேட்டேன். என் தாளில் விடை 1833. ஓர் அணி 1807 என்றது. இன்னோர் அணி 1838-தான் என்று அடம்பிடித்தது. கடைசியாக ஒருவர் எழுந்து 1772 என்றார். ஆளுக்கொரு கைபேசியை நீட்டினார்கள், எல்லார் திரையிலும் ஆதாரம் இருந்தது! கேள்வியையே ரத்து செய்துவிட்டுத் தப்பித்தேன். ஒழிப்பு என்றால் ஒரு சட்டம், ஒரு தேதி என்று இருக்க வேண்டாமா? அப்புறம், இந்த அடிமை ஒழிப்பு இயக்கம் முழுக்க வில்பர்ஃபோர்ஸ் ஒருவருடைய வேலைதானா? எங்கே தேடினாலும் அவர் படம்தான் வருகிறது.

பழைய வாத்தியார்:
கோபித்துக்கொள்ளாதீர்கள், கேள்விதான் கோளாறு. வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வி தேர்வுத் தாளில் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன்.

1772-ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜேம்ஸ் சோமர்செட் என்பவரை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றி ஜமைக்காவுக்கு அனுப்ப அவருடைய முதலாளிக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு சொன்னார். காலனிகளில் இருந்தவர்களை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

1807 சட்டம் தடை செய்தது அடிமை வணிகத்தை. அதாவது ஆப்பிரிக்காவில் ஆட்களை வாங்கி அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோய் விற்பதை. ஏற்கெனவே பிரிட்டனின் கரீபியன் தீவான பார்படோஸில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அதே தோட்டம், அதே சாட்டைதான். இயக்கத்தார் இதைத் தெரிந்தே செய்தார்கள். 1787-ல் லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடிச் சங்கம் தொடங்கியபோதே, முதலில் வணிகத்தை மட்டும் குறிவைப்பது என்று முடிவாகிவிட்டது. புது ஆள் வரத்து நின்றால் முதலாளி இருப்பவர்களைக் கொஞ்சம் மனிதராக நடத்துவான், முறையும் நாளடைவில் உதிர்ந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது பலிக்கவில்லை. அடுத்த 25 வருஷத்துக்கு மேல் அடிமை முறை ஜோராக நடந்தது.

சரி, உங்கள் 1833. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. அன்றைக்கு முழுசாக விடுதலை ஆனவர்கள் ஆறு வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகள் மட்டும். மற்றவர்களுக்கு ‘தொழில் பழகுநர்’ என்று பெயர் மாற்றினார்கள். வயலில் வேலை செய்தவர் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் பழைய முதலாளிக்கே உழைக்க வேண்டும், 6 வருஷத்துக்கு. பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்குக் கரும்பு வெட்ட ஆறு வருஷப் பழகுதல்!

முதலாளி இனித் தன் கையால் அடிக்கக் கூடாது, அதற்கென்று நியமித்த நீதிபதியிடம்தான் அனுப்ப வேண்டும். ஜமைக்காவில் அந்த நீதிபதிகள் சிறைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மிதியுருளை இருந்தது. மேலே ஒரு கட்டையில் இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டிவிடுவார்கள். கீழே மரப்படிகள் வைத்த பெரிய உருளை சுழலும், ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கால் தவறினால் உடம்பு கையில் தொங்கும், சுழலும் படிகள் கால் எலும்பில் மோதிக்கொண்டே போகும். பெண்களையும் விடவில்லை. இதெல்லாம் ‘ஒழித்த’ பிறகு நடந்தது. செய்தி பிரிட்டனுக்குப் போய்க் கொந்தளிப்பு கிளம்பிய பிறகுதான் 1838 ஆகஸ்ட் 1 அன்று எல்லாருக்கும் உண்மையான விடுதலை கிடைத்தது. நான் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் 1838 அணிக்குத்தான்.

1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலனாவையும் விலக்கி வைத்தது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அடிமை உரிமையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843-ல்தான் வந்தது.

உப்புக்காற்று:
வில்பர்ஃபோர்ஸ் கேள்விக்கு நான் வருகிறேன். அவர் நாடாளுமன்றத்தில் இயக்கத்தின் குரல். அந்தக் குரலுக்குச் சரக்கு சேர்த்தவர் தாமஸ் கிளார்க்சன். குதிரையில் துறைமுகம் துறைமுகமாக அலைந்து மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு எல்லாம் விற்பனைக்குப் பார்த்து வாங்கினார். கூடவே கவராயம் மாதிரி ஒரு கருவி இருந்தது. எதற்கென்று கேட்டால், சாப்பிட மறுக்கும் அடிமைகளின் வாயைப் பிளந்து சோறு திணிக்க என்றார் கடைக்காரர். மற்றதையெல்லாம் விட அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. பட்டினி கிடந்து சாக முயன்றவர்கள் எத்தனை பேர் இருந்தால் அதற்கென்று ஒரு கருவி கடைக்கு வரும்?

ஒலௌடா எக்வியானோ தானே அடிமையாக இருந்து, விலை கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர். 1789-ல் தன் கதையை எழுதி, பிரிட்டன் முழுக்கச் சுற்றி விற்றார். 1791-ல் அடிமை வணிகத்தைத் தடுக்கும் மசோதா தோற்றபோது, அடிமைகள் உழைப்பில் வந்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குவதை லட்சக்கணக்கானவர்கள் நிறுத்தினார்கள். வீட்டில் சர்க்கரை வாங்கும் பெண்கள் கையில்தான் அது இருந்தது, ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆண் தலைவர்கள் ‘படிப்படியாக’ என்று இழுத்துக்கொண்டிருந்த 1824-ல், உடனே ஒழி என்று துண்டறிக்கை போட்டவர் எலிசபெத் ஹெய்ரிக்.

அடிமைகளும் கைகட்டி நிற்கவில்லை. 1831 கிறிஸ்துமஸ் சமயம் சாம் ஷார்ப் தலைமையில் ஜமைக்காவில் வேலைநிறுத்தமாகத் தொடங்கியது பெரிய கிளர்ச்சியானது. அடக்கிய பிறகு 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. தற்செயல் என்று நான் நம்பவில்லை.

குறுக்கே ஒரு வார்த்தை:
பிரிட்டனை விட்டு வெளியே வாருங்கள். இப்போதைய ஹைட்டியில் 1791-ல் அடிமைகளே எழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804-ல் தனி நாடு அமைத்தார்கள். அதற்குத் தண்டனையாக 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் கேட்டது, முன்னாள் முதலாளிகளின் நஷ்டத்துக்காம்.

நடுவழி:
வாத்தியார் 1833 சட்டத்தை ரொம்ப மட்டம் தட்டுகிறார். நாடாளுமன்றத்தில் தோட்ட முதலாளிகள் பலமாக இருந்தார்கள். அவர்களுக்கு இழப்பீடும் பழகுநர் காலமும் இல்லாவிட்டால் மசோதா நிறைவேறியே இருக்காது. சுமார் 8 லட்சம் பேருக்கு விடுதலை, அதுவும் வாக்கெடுப்பால். அமெரிக்காவில் இதற்கு ஓர் உள்நாட்டுப் போர் தேவைப்பட்டதே?

பழைய வாத்தியார்:
பேரம் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரம் போன விதத்தைப் பாருங்கள். அரசு முதலில் முன்வைத்தது முதலாளிகளுக்கு 1.5 கோடி பவுண்டு கடன், 12 வருஷப் பழகுநர் காலம். இயக்கத்தார் கத்தியதில் 12 பாதியானது. முதலாளிகள் கத்தியதில் கடன் 2 கோடி பவுண்டு இழப்பீடானது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் அது சுமார் 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டன் தீர்த்தது 2015-ல். உழைத்தவர்களுக்கு ஒரு பென்னியும் போகவில்லை.

பழகுநர் காலம் இல்லாமல் முடியாது என்கிறீர்களே, ஆன்டிகுவாவைப் பாருங்கள். அந்தத் தீவு அது வேண்டாம் என்று சொல்லி 1834-லேயே முழு விடுதலை கொடுத்துவிட்டது. தோட்டங்கள் மூழ்கவில்லை. காலி நிலம் அங்கே அவ்வளவாக இல்லாததால், விடுதலையானவர்கள் அதே தோட்டத்துக்குக் கூலிக்கு வந்துதான் ஆகவேண்டும். முதலாளிகள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாராளமானார்கள்.